நைல் கரையில் ஒரு சூரிய யந்திரம்

1913ஆம் ஆண்டு ஜூலை மாதம். கெய்ரோ மாநகருக்குத் தெற்கே, நைல் நதியின் கீழைக் கரையில் அமைந்த மஆதி என்னும் ஊரில் பிரமுகர்கள் பலர் கூடியிருந்தனர். பெயரளவில் உஸ்மானிய சுல்தானுக்குக் கட்டுப்பட்டவராகக் கதீவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மி எகிப்தின் அரியணையில் இருந்தபோதிலும், நாட்டின் மெய்யான அதிகாரம் எவர் கையில் இருந்ததோ அந்தக் கிட்ச்னர் பிரபுவும் அக்கூட்டத்தில் இருந்தார். அவர்கள் காண வந்தது நீரிறைக்கும் யந்திரம் ஒன்றை.

நீரிறைத்தல் எகிப்தியருக்குப் புதிதன்று. ஃபிர்அவ்ன்களின் காலந்தொட்டு அவர்கள் ஏற்றம் இறைத்தவர்கள்; பிற்காலத்தில் மாடு பூட்டிய சக்கரம் சுழற்றியவர்கள்; ஆங்கிலேயர் வந்தபின் நீராவிப் பம்புகளையும் பார்த்துப் பழகியவர்கள். ஆயினும் மஆதியில் நின்ற யந்திரத்தின் அடியில் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாததால் கரி இல்லை; கரி இல்லாததால் புகைபோக்கியும் இல்லை. வயலில் பரப்பி வைத்த கண்ணாடிகள் வெயிலை வாங்கிக் குழாய்களின் மீது குவித்தன. குழாய்களில் இருந்த நீர் ஆவியாயிற்று. அந்த ஆவி யந்திரத்தை ஓட்டிற்று. நைல் நதி நீர் பருத்தி வயலுக்கு ஏறிற்று. தொழில் அளவில் உழைக்கக்கூடிய சூரிய யந்திரமாக உலகில் முதன்முதலாக நின்றது அதுதான் என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டது. மஆதியின் கண்ணாடிகள் கவனிப்பாரற்றுப் போயின. அந்த யந்திரத்தின் கதை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பொறியியல் நூல்களின் அடிக்குறிப்பாக மட்டுமே கிடந்தது. இன்று நிலக்கரியும் எண்ணெயும் கக்கும் கரியமில வாயுவைக் குறைப்பது எவ்வாறு என்று நாடுகளெல்லாம் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் நாளில், 2022ஆம் ஆண்டில் அதே எகிப்தின் ஷர்முஷ் ஷெய்கு நகரிலேயே அதற்கான உலக மாநாடு நடந்து முடிந்தபின், அக்கதையைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்ப்பது தகும் என்று கருதுகிறோம்.

கதையைக் கண்ணாடியிலிருந்து தொடங்குவோம். வெயிலை ஒரு புள்ளியில் குவிக்க வேண்டுமாயின் கண்ணாடி எந்த வளைவில் இருக்க வேண்டும்? வட்டத்தின் வளைவு சரிப்படாது, கதிர்கள் சிதறும். பரவளையம் எனப்படும் வளைவே வேண்டும். கிரேக்க அறிஞர் டயோக்ளீஸ் இதை முன்பே ஆராய்ந்திருந்தார். அவருடைய கிரேக்க மூலம் அழிந்து, நூல் இன்று முழுமையாகக் கிடைப்பது அரபு மொழிபெயர்ப்பில்தான். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்பார் எரிக்கும் கருவிகளைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின், ஒளியியலின் தந்தை என நாம் பெருமையோடு குறிப்பிடும் இப்னுல் ஹைதம், பரவளைய ஆடிகளைப் பற்றியே தனியாக ஒரு நூல் இயற்றினார். ஆடியின் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் அனைத்தும் ஒரே புள்ளியில் சென்று சேரும் என்பதைக் கணித முறையில் நிறுவியதோடு, அத்தகைய ஆடியை எஃகில் செய்வது எங்ஙனம் என்பதையும் அவர் சிந்தித்தார். அந்நூல் பின்னர் லத்தீன் மொழிக்குச் சென்றது.

இப்னுல் ஹைதம் பஸ்ராவில் பிறந்தவர். வாழ்ந்து மறைந்தது கெய்ரோவில். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தித் தர முடியும் என்று அவர் சொன்னதைக் கேள்வியுற்ற ஃபாத்திமிய கலீபா ஹாகிம் அவரை எகிப்துக்கு வரவழைத்தார் என்றும், அஸ்வானுக்குத் தெற்கே சென்று நதியை நேரில் பார்த்த இப்னுல் ஹைதம் அது தம்மால் ஆகாது என உணர்ந்தார் என்றும், கலீபாவின் சினத்துக்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர்போல் நடித்து, ஹாகிம் மறையும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்றும் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். அதன்பின் அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே தங்கி, யூக்லிடின் கணித நூலைப் படியெடுத்து விற்று வாழ்க்கை நடத்தினாராம். அவர் தோற்றுத் திரும்பிய அஸ்வான் பகுதியை நாம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மேனாட்டார் எதைக் கண்டுபிடித்தாலும் அது நம் முன்னோர் கண்டதே என்று மார்தட்டுகிற பழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. அதற்கு நாம் உடன்படுவதற்கில்லை. இப்னுல் ஹைதம் நீராவி யந்திரம் செய்யவில்லை. செய்ய நினைக்கவும் இல்லை. அவர் தந்தது ஒரு வளைவின் கணிதம். அந்த வளைவு, அவர் அடங்கியிருக்கும் நகருக்கு அருகிலேயே ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து ஒரு நீராவி யந்திரத்தை ஓட்டியது என்பதே போதுமான வியப்பு.

வெயிலைக் கொண்டு யந்திரம் ஓட்டலாம் என்ற எண்ணத்தைப் பிடிவாதமாகப் பற்றியவர் அகஸ்டின் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர். தூர் நகரில் கணித ஆசிரியராக இருந்தவர். நிலக்கரியைத் தோண்டத் தோண்ட அது ஒருநாள் தீர்ந்தே போகும், அன்று தொழிற்சாலைகள் என் செய்யும் என்ற கவலை அவரை வாட்டியது. பிரான்சுக்குச் சொந்த நிலக்கரி போதாது. இங்கிலாந்திலிருந்து வாங்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1866இல் மூன்றாம் நெப்போலியனுக்குத் தம் சூரிய யந்திரத்தைக் காட்டினார். 1869இல் சூரிய வெப்பத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெயில் மிகுந்த இடம் வேண்டுமென்று 1877இல் அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. மறு ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் பெரியதொரு கூம்பு ஆடியை நிறுவி, சூரிய வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். வெயிலிலிருந்து பனிக்கட்டி! கூட்டம் திரண்டது, தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் பதக்கம் தந்த அரசாங்கமே பின்னர் நிபுணர் குழுக்களை அமைத்து, பிரான்சில் மான்பெல்லியே நகரிலும் அல்ஜீரியாவில் குஸ்தந்தீனா நகரிலும் கணக்குப் பார்க்கச் செய்தது. அதற்குள் ரயில் பாதைகள் பெருகி நிலக்கரி மலிந்துவிட்டது. சூரிய யந்திரம் கட்டுப்படியாகாது என்று முடிவு சொன்னார்கள். மூஷோ மீண்டும் கணிதம் கற்பிக்கப் போனார். 1912இல் வறுமையில் பாரிசில் இறந்தார். அவ்வாண்டில்தான் மஆதியில் கண்ணாடிகள் ஏறிக்கொண்டிருந்தன.

மூஷோவின் நூலைப் படித்துவிட்டு நம் நாட்டிலேயே ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் அவர். கோர்ட்டுக் காகிதங்களுக்கு நடுவே இத்தகைய ஆசை ஒருவருக்கு எப்படித்தான் பிறந்ததோ! பெரிய வளைந்த ஆடி செய்வது செலவு என்று கண்ட ஆடம்ஸ், சிறு சிறு தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டமான சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, அவை அனைத்தையும் ஒரே கொதிகலனை நோக்கித் திருப்பி வைத்தார். கொலாபாவில் அந்தச் சட்டத்தைக் கொண்டு இரண்டரைக் குதிரைத்திறன் உள்ள நீராவிப் பம்பு ஒன்றை ஓட்டிக் காட்டினார். ஏழு சிப்பாய்களுக்கு வேண்டிய இறைச்சியையும் காய்கறியையும், ஜனவரி மாத வெயிலிலேயே இரண்டு மணி நேரத்தில் சமைத்தும் காட்டினார். 1878இல் பம்பாயில் அவருடைய நூலும் அச்சாயிற்று. பலர் பார்த்தனர், பாராட்டினர், கலைந்து சென்றனர். இன்றைக்குப் பாலைவனங்களில் உயர்ந்த கோபுரம் ஒன்றை நடுவே நிறுத்தி, ஆயிரக்கணக்கான தட்டைக் கண்ணாடிகளை அதன் உச்சியை நோக்கித் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்களே, அந்த முறையின் முதல் வித்து கொலாபாவில் ஊன்றப்பட்டதாகும்.

இனி மஆதிக்கு வருவோம். அந்த யந்திரத்தின் கர்த்தா ஃபிராங்க் ஷுமான் என்ற அமெரிக்கர். முறையான உயர்கல்வி கற்றவரல்லர். தாமே கற்றுத் தேர்ந்தவர். உள்ளே கம்பி வலை பதித்த, உடைந்தாலும் சிதறாத கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பொருள் ஈட்டியவர். அந்தப் பொருளைக் கொண்டு, பிலடெல்பியா நகரின் டாகோனி பகுதியில் தம் வீட்டை ஒட்டிய வெளியில் 1906 முதல் சூரிய யந்திரங்களைக் கட்டிப் பார்த்தார்.

மற்றவர்களிடம் இல்லாத ஒரு தெளிவு ஷுமானிடம் இருந்தது. மூஷோ போன்றோர் வெயிலைக் கொண்டு மிகுந்த அழுத்தமுள்ள நீராவியை எழுப்ப ஆசைப்பட்டனர். அதற்கு விலை உயர்ந்த, நுட்பமான ஆடிகள் வேண்டும். அவை உடைந்தால் பழுது பார்க்க ஆள் கிடைக்காது. ஷுமானோ எதிர்ப்பக்கமாகச் சென்றார். மெல்லிய நீராவியே போதும். அதைக் கொண்டு ஓடத்தக்க யந்திரத்தை நானே செய்துகொள்கிறேன் என்றார். கண்ணாடி மூடிய பெட்டிகள், பக்கத்துக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி என்று எளிமையான அமைப்பை வைத்துக்கொண்டு, 1911இல் டாகோனியில் பதினாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட வெயிலைப் பிடித்து நீரிறைத்துக் காட்டினார். குளிர்நாடான பிலடெல்பியாவிலேயே இது ஓடுமாயின் எகிப்தில் எப்படி ஓடும் என்று கேட்டு, லண்டன் முதலாளிகளிடம் பங்குப் பணம் திரட்டினார்.

எகிப்தை ஏன் தேர்ந்தார்? வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எகிப்தில் நிலக்கரி வெட்டப்படவில்லை. ஒவ்வொரு மூட்டையும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். ஆகவே கரி மலிந்த நாட்டில் தோற்ற கணக்கு, கரி அரிதான நாட்டில் வெல்லும். இன்னொன்றும் உண்டு. சூரியன் இரவில் இல்லையே, மேகம் வந்தால் என் செய்வது என்ற கேள்வி இன்றளவும் சூரிய மின்சாரத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறது. நீரிறைப்பில் அந்தத் தொல்லை இல்லை. பகலில் மேட்டுக்கு ஏற்றிய நீர் இரவில் இறங்கிவிடப் போவதில்லை. வாய்க்காலே சேமிப்புக் கிடங்கு. வெயில் எப்போது கொடுமையாக அடிக்கிறதோ அப்போதுதான் பயிருக்கும் நீர் அதிகம் வேண்டும். இவ்வளவையும் எண்ணித்தான் ஷுமான் நைல் கரைக்கு வந்தார்.

லண்டன் முதலாளிகள் சும்மா பணம் கொடுக்கவில்லை. சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரைக் கொண்டு திட்டத்தைப் பரிசீலிக்கச் செய்தனர். தட்டைக் கண்ணாடிகளை விட்டுவிட்டுப் பரவளைய ஆடிகளை அமைக்க வேண்டும் என்று அவர் யோசனை கூறினார். இப்படியாக, இப்னுல் ஹைதம் ஆராய்ந்த வளைவு கெய்ரோவுக்கே திரும்பி வந்தது. நெடுக்கில் பிளந்த மூங்கிலை வானம் பார்க்கக் கிடத்தினாற்போன்ற தோற்றம். உட்புறம் முழுவதும் கண்ணாடி. நடுவே நெடுகிலும் ஓடும் கொதிகலன். ஒவ்வொன்றும் 204 அடி நீளம், 13 அடி அகலம். இத்தகையவை ஐந்து, ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாதபடி இடைவெளி விட்டு, வடக்குத் தெற்காகக் கிடத்தப்பட்டன. காலையில் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும் ஆடிகள், சூரியன் நகர நகரத் தாமும் சாய்ந்து மாலையில் மேற்கைப் பார்த்து நிற்குமாறு பொறியமைப்பு இருந்தது.

முதல் முயற்சி தோல்வி. 1912இல் மலிவு கருதித் துத்தநாகத்தால் செய்த கொதிகலன்கள், குவிந்த வெயிலின் சூட்டைத் தாங்காமல் உருகித் தொங்கிப்போயின. சூரிய வெப்பம் போதாது என்று எள்ளி நகையாடியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது. வார்ப்பிரும்புக் கொதிகலன்களை வைத்து மறு ஆண்டு மீண்டும் ஓட்டினர். நிமிடத்துக்கு 6,000 காலன் நீர் ஏறியது. ஷுமான் எதிர்பார்த்தது 100 குதிரைத்திறன்; அளந்து பார்த்தபோது கிடைத்தது ஐம்பது, அறுபது என்ற அளவில்தான். குறைவுதான், ஆயினும் பொய்யன்று. உடனிருந்த ஆங்கிலப் பொறியாளர் ஆக்கர்மன், அளந்த எண்களை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்.

கிட்ச்னர் பிரபு மகிழ்ந்து, சூடானில் 30,000 ஏக்கர் பருத்தி நிலத்தை இத்தகைய யந்திரங்களுக்காக ஒதுக்க முன்வந்தார். ஜெர்மானியப் பாராளுமன்றம் ஷுமானை அழைத்துப் பேசச் சொல்லி, ஆப்பிரிக்காவில் தன் வசம் இருந்த குடியேற்ற நாட்டில் ஒரு யந்திரம் அமைக்க இரண்டு லட்சம் மார்க் ஒதுக்கியது. உற்சாகத்தின் உச்சியில் ஷுமான் ஒரு கணக்குப் போட்டார். சஹாரா பாலைவனத்தில் 20,000 சதுர மைலுக்குச் சற்று அதிகமான இடத்தில் இந்த ஆடிகளைப் பரப்பினால் 27 கோடி குதிரைத்திறன் கிடைக்கும். 1909ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் தோண்டியெடுத்த எரிபொருள் அனைத்துக்கும் அது ஈடு என்றார். சஹாராவின் பரப்பில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

இந்த உற்சாகத்தில் நாமும் மயங்கிவிடலாகாது. யாருக்காக இந்த யந்திரம் என்ற கேள்வியை எழுப்ப வேண்டும். கிட்ச்னர் பிரபு விரும்பியது ஃபல்லாஹீன்களான ஏழை உழவரின் வயலுக்கு நீரன்று. லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும். அப்பருத்தி விளைய நைல் நீர் வேண்டும். கரிச் செலவின்றி அந்நீர் ஏறினால் நலம். ஜெர்மனியின் நோக்கமும் வேறல்ல. மூஷோ அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டதும் அந்நாட்டு முஸ்லிம்களின் நன்மைக்காக அன்று. சூரியன் எல்லோருக்கும் பொதுவாயினும், அதைப் பிடிக்கும் ஆடி ஒருவருடைய சொத்தாக இருந்தது. இந்த உண்மையைச் சொல்லாமல் மஆதியின் பெருமையை மட்டும் பேசும் மேனாட்டு நூல்கள் பாதிக் கதையையே சொல்கின்றன.

1914 வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் 17ஆம் தேதி லண்டன் பாராளுமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பாரசீகத்தில் மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில் 1908இல் எண்ணெய் பீறிட்டிருந்தது. அதை எடுத்து விற்கும் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கை, சுமார் 22 லட்சம் பவுனுக்கு அரசாங்கமே வாங்கிக்கொள்ளலாம் என்பதே அத்தீர்மானம். போர்க்கப்பல்களைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றத் துடித்துக்கொண்டிருந்த சர்ச்சில் அதற்கு முன்னின்றார். பதினொரு நாள் கழித்துச் சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ஐரோப்பா முழுதும் தீப்பற்றியது. மஆதியில் இருந்த பொறியாளர்கள் தத்தம் நாடு திரும்பினர். டிசம்பரில் கதீவ் பதவியிழந்தார். எகிப்து ஆங்கிலேயரின் பாதுகாப்பு நாடாக அறிவிக்கப்பட்டது. கிட்ச்னர் 1916இல் கப்பலோடு கடலில் மூழ்கினார். ஷுமான் 1918இல், போர் முடியும் முன்னரே காலமானார். யந்திரத்தை யாரும் மீண்டும் ஓட்டவில்லை. அதன் உலோகமும் பழைய இரும்பாய்ப் போயிற்று.

எண்ணெய் முதலாளிகள் சதி செய்து சூரிய யந்திரத்தைக் கொன்றார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது; ஆனால் சான்று இல்லை. சதி தேவைப்படவும் இல்லை. கிணற்றில் குழாய் இறக்கினால் எண்ணெய் தானே வந்தது. பீப்பாயில் அடைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், இரவிலும் எரிக்கலாம். வெயிலைப் பீப்பாயில் அடைக்க முடியாதே! போர் முடிந்தபின் பாரசீகத்திலும் இராக்கிலும், பிறகு பஹ்ரைனிலும் சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் எண்ணெய் பெருகப் பெருக, ஷுமானின் கணக்கில் அடிப்படையாக இருந்த "கரி அரிது" என்ற நிலையே மாறிவிட்டது.

அந்தக் கணக்கில் விடுபட்ட ஒன்று உண்டு. மூஷோவும் ஆடம்ஸும் ஷுமானும் அஞ்சியது கரி தீர்ந்துவிடுமே என்றுதான். எரித்த கரி எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். கரியமில வாயு வெயிலில் மற்ற வாயுக்களைவிட அதிகம் சூடேறுகிறது என்பதை 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் ஒரு கண்ணாடிக் குழலை வைத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் ஜான் டிண்டால் அதை நுட்பமாக அளந்தார். 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ், காற்றில் இவ்வாயு இரட்டிப்பானால் பூமியின் வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறும் என்று கையாலேயே கணக்கிட்டார். ஆனால் குளிரில் வாடும் சுவீடனில் இருந்த அவருக்கு அது அச்சமாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் வரும் மக்கள் இதமான தட்பவெப்பத்தில் வாழ்வார்கள் என்றே எழுதினார். சூரிய யந்திரம் கட்டியவர்களுக்கும் வாயுவை அளந்தவர்களுக்கும் தொடர்பே ஏற்படவில்லை. மஆதி யந்திரம் ஓடியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 300 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய் மலையுச்சியில் அளக்கத் தொடங்கியபோது 315. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது.

சூரிய சக்தி திரும்பி வந்த கதை நெடியது. அதன் திருப்பங்களை மட்டும் சொல்வோம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் தகடு வெயிலை நேராக மின்சாரமாக்கியது. கொதிகலனும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். ஆனால் விலை யானை விலை. செயற்கைக் கோள்களுக்கு மட்டுமே கட்டுப்படியாயிற்று. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை பன்மடங்கு ஏறியதும், மேனாட்டார் பழைய அடிக்குறிப்புகளைத் தூசி தட்டினர். 1984 முதல் 1990 வரை கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பரவளைய ஆடிகளைக் கொண்டு 354 மெகாவாட் அளவுக்கு ஒன்பது மின் நிலையங்கள் எழுந்தன. எண்ணெய் விலை மீண்டும் சரிந்தது. 1991இல் அவற்றைக் கட்டிய கம்பெனி திவாலாயிற்று. மூஷோவுக்கு நேர்ந்தது அப்படியே திரும்ப நேர்ந்ததைப் பாருங்கள்! எனினும் இம்முறை ஆடிகள் பழைய இரும்பாகவில்லை. வேறு கைகளுக்கு மாறி ஆண்டாண்டுகளாக மின்சாரம் தந்தன.

அந்த அனுபவம்தான் எகிப்துக்குத் திரும்பியது. கெய்ரோவுக்குத் தெற்கே, மஆதியைத் தாண்டி நைலை ஒட்டியே சென்றால் குரைமாத் என்ற இடம் வருகிறது. அங்கே 2011இல் 140 மெகாவாட் மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. பெரும்பகுதி இயற்கை வாயுவில் ஓடுவது. 20 மெகாவாட் மட்டும் சூரியனுடையது. அதைப் பிடிப்பவை வடக்குத் தெற்காகக் கிடக்கும் பரவளைய ஆடிகள். ஆக்கர்மன் எழுந்து வந்தால் வழி கேளாமலே அடையாளம் கண்டுகொள்வார்.

மொராக்கோ இன்னும் பெரிதாகத் துணிந்தது. சொந்த எண்ணெய் இல்லாத நாடு அது. சஹாராவின் விளிம்பில் வர்ஸாஸாத் நகருக்கு அருகே 160 மெகாவாட் நிலையம் ஒன்றை மன்னர் ஆறாம் முஹம்மது 2016இல் திறந்து வைத்தார். அதற்கு "நூர்" என்று பெயர். பகலில் வெப்பத்தை உருகிய உப்பில் தேக்கி, இருட்டிய பின்னும் மூன்று மணி நேரம் மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. வெயிலைப் பீப்பாயில் அடைக்க முடியாது என்றோமே, இதுவே அந்தப் பீப்பாய். பின்னர் அதன் அருகில் இன்னும் மூன்று நிலையங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று ஆடம்ஸின் வழியில் கோபுரம் கொண்டது. குறையும் இல்லாமல் இல்லை. உப்புத் தொட்டி ஒழுகியதால் அந்தக் கோபுர நிலையம் 2024இல் நிறுத்தி வைக்கப்பட்டது. மேலும் மொராக்கோவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. "நூர்" என்று பெயர் வைத்த மாத்திரத்தில் கரி அணைந்துவிடாது.

இதற்கிடையே சிலிக்கான் தகடு ஆடிகளை முந்திக்கொண்டது. 2010க்குப் பின் பத்தே ஆண்டுகளில் அத்தகடு தரும் மின்சாரத்தின் விலை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சரிந்தது. அஸ்வானுக்கு வடக்கே பென்பான் என்ற கிராமத்தை ஒட்டிய பாலைவனத்தில் 37 சதுர கிலோமீட்டர் பரப்பில் எகிப்து அமைத்து 2019இல் முடித்த சூரியப் பூங்காவில் ஆடியும் இல்லை, ஆவியும் இல்லை, வெறும் தகடுகள். உச்ச வெயிலில் சுமார் 1,650 மெகாவாட் திறன். இப்னுல் ஹைதம் நதியைக் கட்ட முடியாமல் திரும்பிய அஸ்வானில் இன்று அணையும் நிற்கிறது. அருகே சூரியனும் வேலை செய்கிறது. இருந்தும் எகிப்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை வாயுவினதே.

தகடு செய்யவும் கரி எரிகிறதே, பின் என்ன லாபம் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு உலக விஞ்ஞானிகள் குழு 2014இல் வெளியிட்ட கணக்கு விடை சொல்கிறது. கட்டுவது, ஓட்டுவது, கழிப்பது அனைத்தையும் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. இயற்கை வாயு 490 கிராம். சூரியத் தகடு 48 கிராம். மஆதி வகை ஆடிகளோ 27 கிராம்தான். காற்றாலை இவை எல்லாவற்றிலும் குறைவு. ஆக நிலக்கரி எரித்துப் பெறும் யூனிட்டைச் சூரியனிடமிருந்து பெற்றால், இருபதில் பத்தொன்பது பங்குப் புகை மிச்சம். ஆனால் அந்த மிச்சம் உண்மையாக வேண்டுமாயின், புதிய யூனிட் பழைய யூனிட்டின் இடத்தில் வரவேண்டும்; அதன் மேல் கூடுதலாக வந்தால் கணக்கு வேறு.

ஷுமான் போட்ட கணக்கையே இதற்கு அளவுகோலாகக் கொள்ளலாம். சூரியனிலிருந்து 27 கோடி குதிரைத்திறன் என்று அவர் சொன்னபோது பலர் சிரித்திருப்பார்கள். 2024ஆம் ஆண்டில் உலகம் சூரியனிலிருந்து பெற்ற மின்சாரம் இரண்டு லட்சம் கோடி யூனிட்டுக்கு மேல். அதை ஆண்டு முழுவதற்கும் இரவு பகலாகப் பங்கிட்டால் ஏறத்தாழ 30 கோடி குதிரைத்திறன் வருகிறது. அவர் கேட்டதை உலகம் கொடுத்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது 1909ஆம் ஆண்டின் கரிக்கு ஈடாக. அதே 2024இல் உலகம் எரித்த நிலக்கரி, 1909இல் எரித்ததைப்போல் ஏழு மடங்குக்கும் மேல்.